மிதவையும் முள்ளும்

வண்டி பேட்டரியைச் சோதிக்கும்போது இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை தேட வேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது ஒன்று. முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடித்துவைக்கும், கேட்ட மாத்திரத்தில் எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பது மற்றொன்று. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் குடம் ஓட்டையா என்பதும் வேறு வேறு சேதிகள். முதல் கேள்வியின் விடையை வைத்துக்கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்புச் சொன்னதால் காயலான் கடைக்குப் போன நல்ல பேட்டரிகள் ஏராளம். வண்டியிலேயே தங்கி நடுவழியில் கழுத்தறுத்த கெட்ட பேட்டரிகளும் ஏராளம்.

வேலூர்–ஆம்பூர் சாலையில் 1980களின் கடைசியிலும் 90களிலும் இருந்த பேட்டரிக் கடைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கத்தில் வந்தது. ‘கிராவிட்டி பாரு’ என்றால் முதல் கேள்வி. ‘லோடு போட்டுப் பாரு’ என்றால் இரண்டாவது. அன்று அது 46ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 48. பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒவ்வொரு ஊரின் முகப்பிலும் பஞ்சர் கடை, பட்டை கட்டும் பட்டறை, டீக்கடை, அவற்றுக்கு நடுவில் ஒரு பேட்டரிக் கடை. உப்புத் தடவிய பச்சைத்தோல் ஏற்றிவரும் லாரி அங்கே வந்து நிற்கும். ஷூ கம்பெனி வேன் நிற்கும். வேலூர்க் கடைகளில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவந்துவிட்டு, ராத்திரி முழுக்கப் பாட்டும் உள்விளக்கும் போட்டுக்கொண்டு காத்திருந்த அம்பாசடர் டாக்சி காலையில் தள்ளிக்கொண்டு வரப்படும். அந்தக் கடைகளில் சோதனை நடந்த முறை இங்கே அதன் வரிசையிலேயே சொல்லப்படுகிறது.

ஈய-அமில பேட்டரியை 1859இல் உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே. 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபிறகு அது மோட்டார் வண்டியின் உறுப்பாகிவிட்டது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல். ஒவ்வொரு செல்லிலும் பழுப்பு நிறத்தில் ஈய டையாக்சைடு பூசிய பாசிட்டிவ் தகடுகள், சாம்பல் நிறத்தில் கடற்பஞ்சுப் பதத்து ஈயம் பூசிய நெகட்டிவ் தகடுகள், இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. ஆசிட்டில் உள்ள அமிலம் தகட்டுக்குள் போய் மிச்சம் தண்ணீராகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் திரும்பி வருகிறது. ஆசிட்டே இந்த வேலையில் பங்காளி என்பதால்தான் அதன் அடர்த்தியை அளந்தால் சார்ஜ் தெரிகிறது. வேறு வகை பேட்டரி பலவற்றில் இந்த வசதி கிடையாது.

கருவியை எடுக்கும் முன் கண்ணால் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் பாதிச் சோதனை. ஆம்பூர்க் கடை ஒன்றின் வாசலில் அடிக்கடி கேட்ட உரையாடல் இது:

“பாய், செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. புதுசு ஒண்ணு போட்டுடுங்க.”

“புதுசு எங்க போயிடப் போவுது டிரைவரே? மொதல்ல அத்தக் கழட்டிக்கினு வாங்க.”

கழற்றி வந்ததும் முதல் பார்வை டெர்மினலுக்கு. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றி, சோடா உப்புக் கரைசலில் தேய்த்து, உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று ஆக்கி, கிளாம்பை இறுக்கி மாட்டிப் பார்ப்பார்கள். பாதி வண்டிகள் அங்கேயே ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு உறை உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா, தாங்கும் பிரேம் தளர்ந்து பேட்டரி குலுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. மூடியைத் திறந்தால் தகடு ஆசிட்டுக்கு மேலே தலைகாட்டுகிறதா என்று பார்ப்பது. காற்றுப்பட்டுக் காய்ந்த தகட்டின் அந்தப் பகுதி பெரும்பாலும் மீளாது. ஆசிட் தெளிவாக இல்லாமல் சேறாகப் பழுப்பேறியிருந்தால் பாசிட்டிவ் தகட்டுப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கிராவிட்டி பார்ப்பது வாடிக்கையாளரின் மனசமாதானத்துக்காகத்தான்.

கூடவே கேள்விகள்: வண்டி எத்தனை நாள் நின்றது, ராத்திரி லைட்டை அணைக்க மறந்தீர்களா, கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வருவது அபூர்வம்.

ஹைட்ரோமீட்டர் என்பது ஒரு கண்ணாடிக் குழல், மேலே ரப்பர் குமிழ், கீழே மெல்லிய ரப்பர் மூக்கு, உள்ளே அளவு குறித்த ஒரு கண்ணாடி மிதவை. குமிழை அழுத்தி மூக்கைச் செல்லுக்குள் விட்டுத் தளர்த்தினால் ஆசிட் குழலில் ஏறும். மிதவை சுவரில் ஒட்டாமல் தனியே நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டும். விரலால் லேசாகத் தட்டினால் மிதவையில் ஒட்டிய குமிழிகள் விலகும். குழலைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியோரம் வளைந்து ஏறும் விளிம்பை விட்டுவிட்டு, நடுவில் சமமாக நிற்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். கடைப் பையன்கள் குனிந்து படிக்காமல் மேலேயிருந்து பார்த்து எண் சொன்னால் கடைக்காரர் பாய் ஒத்துக்கொள்ள மாட்டார். எடுத்த ஆசிட்டை எடுத்த செல்லிலேயே விட வேண்டும். பக்கத்துச் செல்லில் விட்டால் இரண்டின் கணக்கும் கெட்டுப்போகும். மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் தெரியாது. ரெண்டு துவையலுக்குப் பிறகு குடியாத்தம் கைலியில் கடுகளவு ஓட்டைகள் வரிசையாக விழும். பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பவரை ஆம்பூரில் கைலியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தோல் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கருவி அந்நியமாகப் பட்டதில்லை. மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிடும் தொட்டிகளில் சாறு எவ்வளவு கெட்டி என்று பார்க்க இதே தத்துவத்தில் இயங்கும் பார்க்கோமீட்டரை விடுவார்கள். குரோம் பதனீட்டுக்கு முந்தைய உப்புக் கரைசலுக்குப் பாமே மீட்டர். திரவம் கெட்டியானால் மிதவை உயர்ந்து நிற்கும், நீர்த்தால் தாழும் என்பது டேனரித் தொழிலாளிக்கு ஆவாரம்பட்டைத் தொட்டியிலேயே தெரிந்த பாடம். பார்க்கோமீட்டரில் ஒரு டிகிரி என்றால் தண்ணீரைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அதிக அடர்த்தி. எனவே டேனரியில் வேலை செய்துவிட்டு மாலையில் புல்லட் பேட்டரியைக் கொண்டுவருபவருக்கு 1240 என்ற எண்ணை விளக்க வேண்டியிருக்கவில்லை. 240 டிகிரிச் சாறா என்று அவரே வியந்துகொள்வார்.

அந்த 1240, புள்ளி வைத்துச் சொன்னால் 1.240, வெப்பநாட்டு பேட்டரியின் முழு சார்ஜ் அளவு. குளிர்நாடுகளில் 1.265 முதல் 1.280 வரை வைப்பார்கள். அங்கே குளிரில் வண்டி எடுக்கக் கெட்டியான ஆசிட் தேவை. இங்கே வெயிலே வேதிவினையை முடுக்கிவிடுவதால் நீர்த்த ஆசிட் போதும். தகடும் கொஞ்சம் கூடுதல் நாள் உழைக்கும். 1.180 பக்கம் வந்தால் சார்ஜ் பாதியாகிவிட்டது. 1.120க்குக் கீழே போனால் காலி. வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தமும் செய்ய வேண்டும். 27 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். கத்திரி வெயிலில் பேட்டரி 40 டிகிரியில் இருக்கும்போது 1.231 காட்டினால் உண்மையில் அது 1.240தான். கடைகளில் இந்தக் கணக்கைப் பென்சிலால் யாரும் போட்டதில்லை. சித்திரை, வைகாசியில் ‘பத்து பாயின்ட் விட்டுக்குடு’, அதாவது 0.010, என்பதோடு சரி. கணக்கும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் ஹைட்ரோமீட்டரின் அருமை இருக்கிறது. ஆறும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கிறது. சார்ஜ் ஏற்றினால் தேறலாம். ஐந்து செல் 1.230இல் நிற்க ஒன்று மட்டும் 1.150இல் கிடந்தால் அந்தச் செல்லில் கோளாறு. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 50 பாயின்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் போட்டபிறகும் அந்த வித்தியாசம் குறையவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. சார்ஜ் என்பது பேட்டரியின் ஆம்பியர்-அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றுவது. அவசரக்கார டிரைவருக்குப் பிடிக்காத பகுதி இதுதான். தண்ணீர் ஊற்றிய கையோடு கிராவிட்டி பார்ப்பதும் வீண். புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும், மிதவை பொய் சொல்லும்.

தண்ணீர்ச் சங்கதிதான் இந்த ஊர்களுக்கே உரியது. பேட்டரியில் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். அதன் தூய்மைக்கு ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. குளோரைடு, இரும்பு ஆகிய இரண்டும் அதில் குறிப்பாகக் கண்காணிக்கப்படுகின்றன. குளோரைடு பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கிறது. இரும்பு, வண்டி சும்மா நிற்கும்போதே சார்ஜைத் தானாக வடியவைக்கிறது. பாலாற்றங்கரையிலோ நிலத்தடி நீரில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கத் தடவிய சாப்பாட்டு உப்பு முதல் ஊறலிலேயே கரைந்து கழிவுநீரில் வெளியேறி, பல ஆண்டுகளாக மண்ணிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அந்த வழக்கில் பேசப்பட்டவை வயலும் குடிநீரும். அதே போர் தண்ணீரைக் குடித்துச் செத்த பேட்டரிகளின் கணக்கு எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.

ஒருநாள் டேனரி ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவர், தம் ஸ்கூட்டர் பேட்டரி அடிக்கடி படுத்துவிடுகிறது என்று அந்த ஆம்பூர்க் கடைக்கு வந்தார். பழுப்புநிறச் சிறு சீசா ஒன்று கையில் இருந்தது: சில்வர் நைட்ரேட். கடையின் போர் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் அந்தக் கணமே பால் வெள்ளையாகத் திரண்டது. இன்னொரு தம்ளரில் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வடித்த நீர். சொட்டு விழுந்த சுவடே இல்லை. மூன்றாவது தம்ளரில் கடையில் ‘டிஸ்டில்டு’ என்று சீட்டு ஒட்டி விற்ற கேன் தண்ணீர். அது கண்ணுக்குத் தெரியும்படி மங்கியது. பாய் எதுவும் பேசவில்லை. அந்த வார இறுதிக்குள் கேன் சப்ளைக்காரர் மாறினார். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரையில் முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாம் மழையைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துவைக்கும் பழைய வழக்கம் அந்தக் கடையில் மறுபடி தொடங்கியது. இன்று பலர் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் ஆர்.ஓ. கேன் நீரையும் ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. நீரில் குறைந்த அளவிலாவது உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி. நீர் உப்பில் குறைந்தது என்றாலும் குழாய் உலோகமும் தூசியும் கலந்து வருகிறது. வடித்த நீரின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டுமே வெட்டிச் சிக்கனம்.

ஆசிட்டிலும் இதே பொறி உண்டு. தோலைக் குரோமில் போடும் முன் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்துவதால் அந்த அமிலம் டேனரிப் பகுதியில் தாராளமாகப் புழங்குகிறது. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906இல் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்தே கந்தக அமிலம் அந்தப் பக்கத்தின் பழைய சரக்கு. ஆனால் தொழிற்சாலைக்கான சாதாரண அமிலத்தில் இரும்பு இருக்கும். பேட்டரிக்கான அமிலம் தனித் தரம், ஐ.எஸ். 266 அதற்கான வரம்புகளைச் சொல்கிறது. டேனரி டிரம்மிலிருந்து மலிவாக வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றினால் கிராவிட்டி அழகாக 1.240 காட்டும். மிதவைக்கு அடர்த்தி மட்டும்தான் தெரியும், அழுக்கு தெரியாது. நிறுத்திவைத்த பேட்டரி நாலு நாளில் தானாக இறங்கினால் இந்த வகைத் தில்லுமுல்லை முதலில் நினைக்க வேண்டும்.

வோல்ட் மீட்டரின் வேலை எளிது. அதனால்தான் அதிகம் ஏமாற்றவும் செய்கிறது. ஒரு செல்லின் ஓய்வு வோல்ட்டேஜ் ஏறக்குறைய கிராவிட்டியோடு 0.84 கூட்டிய எண். 1.280 ஆசிட் என்றால் செல்லுக்கு 2.12, ஆறு செல்லுக்கு 12.7 வோல்ட். நம்மூர் 1.240 ஆசிட் என்றால் 2.08, மொத்தம் 12.5தான். அமெரிக்கக் கையேட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு 12.5 கண்ட பேட்டரியை ‘முக்கால்தான் இருக்கு’ என்று திருப்பி அனுப்பிய மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஓய்வு என்றால் நிஜமான ஓய்வு: வண்டி ஓடி நின்று சில மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, தகட்டின் மேற்பரப்பில் தங்கிய பொய்ச் சார்ஜை இறக்கிவிட்டுப் பார்க்கலாம். 12.0க்கு வந்தால் பெரும்பகுதி காலி; சுமார் 10.5இல் நின்றால் ஒரு செல் முழுதாக ஷார்ட் ஆகியிருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடை. இரண்டாவதற்குப் பேட்டரியை வேலை வாங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். சல்பேட் இறுகிப்போன தகடு ஒரு வோல்ட் மீட்டருக்குத் தேவையான துளி மின்சாரத்தை ஜம்மென்று கொடுக்கும். நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃப் மோட்டார் முன்னால் கையை விரித்துவிடும்.

பழைய பேட்டரிகளில் இதைப் பார்க்க வசதி இருந்தது. கறுப்பு எபோனைட் பெட்டி. மேலே தார் ஊற்றி மூடிய செல் மூடிகள். செல்லுக்குச் செல் இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். செல் டெஸ்டர் என்பது மரக்கைப்பிடியில் இரண்டு கூர்முனைக் கால்கள், இடையில் தடித்த மின்தடைப் பட்டை, நடுவில் முள் ஆடும் மீட்டர். மூடிகளைச் சாத்தி, மேலே தேங்கிய வாயுவை விசிறித் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் ஒரு செல்லின் இரு பட்டைகளில் அழுத்தி ஊன்றுவார்கள். தடைப்பட்டை சூடேறிக் கருகல் வாடை வரும். முள் 1.7, 1.8 பக்கம் அசையாமல் நின்றால் செல் ஆரோக்கியம். நின்று மெல்ல இறங்கினால் கிழடு. தொட்டதுமே சரிந்து விழுந்தால் முடிந்தது கதை. பத்து விநாடிக்கு மேல் ஊன்றக் கூடாது. பட்டினி பேட்டரியில் போடவும் கூடாது. சார்ஜ் ஏற்றியபிறகுதான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. கூர்முனை சறுக்கினால் தீப்பொறி பறக்கும். சார்ஜில் கிடந்த பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கப் போதும். பீடி குடித்துக்கொண்டு உள்ளே வருபவரைப் பாய் வாசலிலேயே மறித்துவிடுவது அதனால்தான்.

கெட்ட செல் எது என்று தெரிந்தால் அன்று அதை மட்டும் பழுதுபார்ப்பார்கள். தாரைச் சுட்டு இளக்கி, தகட்டுக் கொத்தைத் தூக்கியெடுத்து, வேறு கொத்து வைத்து, ஈயத்தை உருக்கி இணைத்துவிடுவார்கள். கைவேலையாக அது பார்க்க அழகுதான். ஈயப் புகையையும் தூசியையும் முகமூடியில்லாமல் சுவாசித்த பையன்களை நினைத்தால் அந்தத் தொழில் போனதற்கு வருத்தப்பட முடியவில்லை. பழைய பேட்டரிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்ற விதிகள் 2001இல் வந்தன. 2022இல் அவற்றின் இடத்தில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன.

பாலிப்ரொப்பிலீன் உறைகள் பரவியதும் செல் டெஸ்டர் ஆணியில் தொங்கப் போய்விட்டது. செல் இணைப்புகள் சுவருக்குள்ளேயே ஓடுவதால் தனித்தனியாகத் தொட வழியில்லை. மொத்த பேட்டரிக்கும் லோடு டெஸ்டர் மாட்ட வேண்டும்: ஆம்பியர்-அவர் எண்ணைப் போல மூன்று மடங்கு மின்னோட்டம், 15 விநாடி. 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 180 ஆம்பியர். உறைமேல் குளிர்-ஸ்டார்ட் ஆம்பியர் அச்சிட்டிருந்தால் அதில் பாதி. முடிவில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தேறாது. அப்போது மூடிகள் திறந்திருக்க ஏதாவது ஒரு செல் மட்டும் குபுகுபுவென்று கொதித்தால் குற்றவாளி அதுதான். மிகச் சரியான சோதனை இன்னொன்று உண்டு: 80 ஆம்பியர்-அவர் பேட்டரியை 4 ஆம்பியரில் இறக்கி, 10.5 வோல்ட் வரும்வரை 20 மணி நேரம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது. எந்தக் கடைக்காரருக்கும் அதற்குப் பொறுமை இருந்ததில்லை.

லோடு டெஸ்டர் இல்லாத இடத்தில் வண்டியின் செல்ஃப் மோட்டாரே டெஸ்டர். மீட்டரைப் பேட்டரி டெர்மினல்களில் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றும் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் குறை கேபிளிலோ மோட்டாரிலோ இருக்கிறது. டெர்மினலுக்கும் மோட்டாருக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும். மீட்டரும் இல்லாத நடுராத்திரியில் ஹெட்லைட் உதவும்: ஸ்டார்ட் அடிக்கும்போது விளக்கு அடியோடு செத்தால் பேட்டரி அல்லது டெர்மினல், பிரகாசம் குறையாமல் எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால் பேட்டரியைத் திட்ட வேண்டியதில்லை.

நல்ல பேட்டரியையும் வண்டி கொல்லும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். குறைந்தால் நிரந்தரப் பட்டினி, சல்பேட் இறுகும். கூடினால் ஆசிட் வற்றும், தகடு அரிக்கும். எல்லாம் அணைத்த பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. புதிய கார்களில் கணினிகள் அடங்க அரைமணி நேரமாவது விட்டுத்தான் அதை அளக்க வேண்டும். வெயிலுக்கும் பங்கு உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டும்; பானெட்டுக்குள் இன்னும் மேலே. சித்திரையில் நோகும் பேட்டரி உடனே காட்டிக்கொடுப்பதில்லை. மார்கழி விடியலில் இன்ஜின் ஆயில் இறுகிக் கிடக்கும்போதுதான் கைவிடும்.

லாரியில் இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் தொடராக மாட்டி 24 வோல்ட். சோதிக்கும்போது இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும், மொத்தமாக 24.6 காட்டினாலும் ஒன்று 12.7, மற்றது 11.9 என்று இருக்கலாம். இந்தச் சாலையில் அன்று அதற்கு வழக்கமான காரணம் டேப் ரிக்கார்டர். பன்னிரண்டு வோல்ட் செட்டை ஒரே ஒரு பேட்டரியில் மாட்டிக்கொண்டு வாலாஜாவிலிருந்து ஓசூர்வரை பாட்டுக் கேட்டால் அந்தப் பேட்டரி மட்டும் பட்டினி கிடக்கும். ஆல்டர்னேட்டர் மொத்த வோல்ட்டேஜைத்தான் பார்க்கும். ஆகவே பக்கத்து பேட்டரி அளவுக்கு மீறிச் சாப்பிட்டுத் தண்ணீர் வற்றும். ஆறு மாதத்தில் ஒன்று பட்டினியில் சாகும், மற்றது வயிறு வெடித்துச் சாகும். அதற்குரிய கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னால் டிரைவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை முதலாளி திட்டியபிறகு வாங்குவார்கள்.

பராமரிப்பு வேண்டாத பேட்டரிகள் வந்தபோது மூடியும் போனது. திருப்பதிப் பக்கத்துக் கரகம்பாடியில் அமர ராஜாவும் ஓசூரில் எக்ஸைடும் ஆலை வைத்திருப்பதால் அந்த ரகங்கள் இந்தச் சாலையில் எங்கும் கிடைக்கின்றன. பலவற்றின் மேல் ஒரு சிறு கண்: பச்சை என்றால் சரி, கறுப்பு என்றால் சார்ஜ் ஏற்று, வெளுத்துத் தெரிந்தால் ஆசிட் குறைந்துவிட்டது. உள்ளே இருப்பது மிதக்கும் ஒரு குண்டு, அதாவது குட்டி ஹைட்ரோமீட்டர். ஒரே ஒரு செல்லை மட்டும்தான் அது பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்துக் கிடந்தாலும் பச்சையாகவே முழிக்கும். அந்தப் பச்சையைக் காட்டி வாரண்டி மறுத்த சண்டைகள் பல கடைகளில் நடந்தன. இப்போது கையளவு மின்னணு டெஸ்டர் வந்துவிட்டது. பேட்டரிக்குள் சிறு அலை மின்னோட்டத்தைச் செலுத்தி அது எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று அளக்கிறது. அமெரிக்காவின் கீத் சாம்ப்ளின் 1970களில் வகுத்த முறை. தீப்பொறி இல்லை, சூடு இல்லை, இறங்கிய பேட்டரியிலும் ஓரளவு சொல்லும். ஆனால் பேட்டரியின் வகையையும் அளவையும் தவறாகக் கொடுத்தால் தவறான சீட்டைத் தயங்காமல் அச்சடித்துத் தரும். எல்லைக்கோட்டில் நிற்கும் பேட்டரிக்கு லோடுதான் இன்னமும் நம்பகமானது.

ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் நிறுவனத்தின் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021இல் திறந்தது. ஆம்பியரின் ஆரம்ப வண்டிகள் சிலவற்றில் ஈய-அமில பேட்டரிகளே இருந்தன, இப்போது லித்தியம். இதில் கிராவிட்டி கிடையாது, தண்ணீர் கிடையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் சார்ஜ் இருபதிலிருந்து எண்பது சதவீதம் போகும்வரை வோல்ட்டேஜ் அதிகம் அசைவதில்லை. எனவே உள்ளேயிருக்கும் மேலாண்மைக் கணினி போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் கூட்டிக் கழித்துச் சதவீதம் சொல்கிறது. எப்போதாவது முழுக்க ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும். நலத்தை அறிய, முழு சார்ஜில் எவ்வளவு மின்சாரம் வெளியே வருகிறது என்பதைப் புதிதாக இருந்தபோது வந்ததோடு ஒப்பிட வேண்டும். எண்பது அல்லது எழுபது சதவீதத்துக்கு இறங்கினால் மாற்றும் காலம். செல்களுக்கிடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் கூடுவதும் ஒரு முன்னறிகுறி. அதைக் கம்பெனியின் மென்பொருள் இருப்பவர்தான் படிக்க முடியும்.

மின்சாரக் காரிலும் பூட்டு, விளக்கு, கணினி ஆகியவற்றுக்கு ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. அந்த பேட்டரிக்கு நெடுஞ்சாலைக் கடைகளின் பழைய வரிசையே பொருந்தும்: டெர்மினலைத் துடைப்பது, ஓய்வு வோல்ட்டேஜ் பார்ப்பது, குறைந்திருந்தால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவது, ஏற்றி ஓய்வு கொடுத்த பிறகு லோடு போடுவது.